சுவர் இடியுமுன்னே



2005ஆம் ஆண்டின் முதலாம் ஞாயிற்றுக்கிழமையன்று நான் செய்த பிரசங்கத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அது சிறந்த பிரசங்கம் என்பதனால் அல்ல. அதைக் கேட்ட ஒரு சகோதரி அதன்பின் எங்கள் சபைக்கு வரவேயில்லை என்பதனால்.

அதற்கு முந்தின ஞாயிறு, 2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸ் மறுநாள் காலை, கடல் கரையேறி வந்தது. தமிழ்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 உயிர்கள் போயின. அவற்றில் 6,000க்கும் மேற்பட்டவை நாகப்பட்டினம் மாவட்டத்தில். புனேயிலே எங்கள் சபையில் கடலோர ஊர்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் பல இருந்தன. தொலைபேசி இணைப்புக் கிடைக்காமல், எஸ்.டி.டி. கடை வாசலில் இரவெல்லாம் நின்றவர்களை நான் அறிவேன். அவர்களோடு நானும் நின்றேன், ஜெபித்தேன்.

ஆயினும் அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் ஏறியபோது ஆமோஸ் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஊரிலே தீங்கு நேரிட்டால் அது கர்த்தரின் அனுமதியின்றி நேரிடுமோ என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, அந்த அலைகள் தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்று முழங்கினேன். கடற்கரை ஊர்களின் மதுபானம், விக்கிரகங்கள், பெயர்க்கிறிஸ்தவம் என்று காரணங்களை வரிசைப்படுத்தினேன். சபையார் "ஆமென்" என்றார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்பமாயிருந்தது.

ஆராதனை முடிந்தபின் ஒரு சகோதரி என்னிடம் வந்தார்கள். நாகப்பட்டினத்துக்கு அருகேயுள்ள மீனவக் கிராமம் அவர்களுடைய ஊர். அவர்களுடைய தங்கையின் இரண்டு பிள்ளைகளையும் கடல் கொண்டுபோயிருந்தது. அது எனக்குத் தெரியும்; செவ்வாய்க்கிழமைதான் அவர்கள் வீட்டில் ஜெபித்திருந்தேன்.

"பாஸ்டரய்யா, பெரியவனுக்கு நாலு வயசு. சின்னதுக்கு ஒன்பது மாசம். அதுங்க என்ன பாவம் பண்ணுச்சுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ஊருக்குப் போய் என் தங்கச்சிகிட்ட சொல்லணும்" என்றார்கள்.

"தேவனுடைய வழிகளை நாம் அறியோம் அம்மா" என்றேன்.

"அறியோம்னா, இவ்வளவு நேரம் எப்படிய்யா பிரசங்கம் பண்ணீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கிப் போனார்கள்.

எலிப்பாசின் ஆசனம்

வேதாகமக் கல்லூரியில் யோபின் புத்தகத்தைக் குறித்து நான் எழுதிய தேர்வுத்தாளுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. குற்றமில்லாதவன் எப்பொழுதாவது அழிந்ததுண்டோ என்று யோபிடம் கேட்ட எலிப்பாசின் தவறு எது என்று இரண்டு பக்கம் எழுதினேன். கடைசியில் தேவன் கோபங்கொண்டது யோபின்மேல் அல்ல, தமக்காக வழக்காடுவதாக எண்ணிக்கொண்ட அந்த மூன்று நண்பர்களின்மேல்தான் என்று (யோபு 42:7) அடிக்கோடிட்டும் எழுதினேன். தாளிலே எலிப்பாசைக் கண்டித்தவன், பீடத்திலே எலிப்பாசின் ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

தேவன் நியாயந்தீர்க்கிறவர் அல்ல என்று நான் சொல்லவரவில்லை. ஜலப்பிரளயத்தையும் சோதோமையும் எருசலேமின் வீழ்ச்சியையும் வேதத்திலிருந்து யாரும் கிழித்தெறிய முடியாது. நாம் எல்லாரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நிற்கப்போகிறோம் என்பதும் மெய்யே. ஆனால், நோவாவின் நாளிலும் லோத்தின் நாளிலும் எரேமியாவின் நாளிலும் தேவன் தாமே முன்கூட்டி எச்சரித்தார். காரணத்தையும் தாமே அறிவித்தார். மரித்தவர்களின் பட்டியலைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, அதன் அருகே குற்றப்பட்டியலை எழுதும் அதிகாரத்தை அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

நம்முடைய ஆண்டவரிடத்திலும் இப்படிப்பட்ட கேள்வி வந்தது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில் இரண்டு துயரங்கள் சொல்லப்பட்டுள்ளன. ஒன்று, பலியிட வந்த கலிலேயரைப் பிலாத்து கொன்றது. அது அதிகாரத்தில் இருந்தவனின் கொடுமை. மற்றொன்று, சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டது. அது ஒரு கட்டடம் இடிந்த விபத்து. மாண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பாவிகளோ என்பதற்கு ஆண்டவர் சொன்ன பதில், இல்லை என்பதே. அதோடு நிறுத்தாமல், உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை நோக்கி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார்.

இந்தப் பகுதியைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் இடிந்த கோபுரத்துக்கும் நின்றுகொண்டிருப்பவனின் மனந்திரும்புதலுக்கும் என்ன சம்பந்தம் என்பது 2019ஆம் ஆண்டில்தான் எனக்கு விளங்கியது.

கொண்டுவாவில் ஒரு நள்ளிரவு

2019 ஜூன் 29, சனிக்கிழமை. நள்ளிரவு கடந்த வேளை. கனமழையில், புனேயின் தென்பகுதியாகிய கொண்டுவாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் இடிந்து, அதை ஒட்டித் தாழ்வான மனையில் போடப்பட்டிருந்த தகரக் கொட்டகைகளின்மேல் விழுந்தது. 15 பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வர் குழந்தைகள். பெரும்பாலோர் பீகாரின் கட்டிஹார் மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். அடுத்த சில நாட்களுக்குள் அதே மழையில் புனேயின் ஆம்பேகாவ் பகுதியில் வேறொரு சுவர் விழுந்து 6 தொழிலாளர்கள் மாண்டார்கள். மும்பையின் மலாடில் இன்னொரு சுவர் இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

கொண்டுவா சம்பவத்தில் காவல்துறை வழக்குப் பதிந்தது. சிலர் கைது செய்யப்பட்டார்கள். குற்றவாளி யார் என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பணி; அது என் பணி அல்ல. அந்த ஞாயிறன்று நான் செய்யவேண்டியிருந்தது வேறு.

எங்கள் சபையில் கொத்தனார்கள் உண்டு, சென்ட்ரிங் வேலை செய்கிறவர்கள் உண்டு, பெயின்டர்கள் உண்டு. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலும், தாத்தா முதலில் படுத்துறங்கிய இடம் தகரக் கொட்டகை என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆகையால் அந்த ஞாயிறு ஆராதனையில் ஒரு கனத்த அமைதி இருந்தது. நான் பிரசங்கிக்கவில்லை. லூக்கா 13ஐ வாசித்துவிட்டு, ஜெபித்து, உட்கார்ந்துவிட்டேன். முன்பு ஒருமுறை பேசியதற்கு நான் கொடுத்த விலை எனக்கு நினைவில் இருந்தது.

ஆராதனை முடிந்து, எல்லாரும் போனபின், ஆலயத்தின் பின்புறம் போனேன். அங்கே எங்கள் சுவர் நின்றது.

தூக்குநூல்

எங்கள் ஆலயம் நகரத்தின் தென்புறத்தில், ஒரு சரிவான மனையில் கட்டப்பட்டது. பின்புறத்து மண் சரியாதபடி 2011ஆம் ஆண்டில் ஒரு கருங்கல் தாங்குசுவர் எழுப்பினோம். 60 அடி நீளம், 9 அடி உயரம். அதைக் கட்டியவர் எங்கள் சபையின் விசுவாசியே. விழுப்புரம் மாவட்டத்துக்காரர், இருபது ஆண்டு அனுபவமுள்ள கொத்தனார்.

வேலை தொடங்குமுன் அவர் என்னிடம் வந்து சொன்னார்: "ஐயா, மழைக்காலத்துல பின்னாடி மண்ணுல தண்ணி நிக்கும். ஆறடிக்கு ஒரு பைப் துண்டு வெச்சு ஓட்டை விடணும். உள்பக்கம் ஜல்லி கொட்டணும். அடிப்பாகத்த இன்னும் ஒன்றரை அடி அகலமாக்கணும். இல்லேன்னா ஏழெட்டு மழைக்குத் தாங்கும். அப்புறம் தண்ணி சுவர தள்ளிடும்."

அதிகச் செலவு எவ்வளவு என்று கேட்டேன். சுமார் 40,000 ரூபாய் என்றார். அந்நாட்களில் அது எங்களுக்குப் பெரிய தொகை. ஆலயப் பிரதிஷ்டைக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. "விசுவாசமா இருங்க தம்பி. கர்த்தருடைய ஆலயச் சுவரைக் கர்த்தர் பார்த்துக்குவார்" என்றேன்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஊழியக்காரனை எதிர்த்துப் பேசக்கூடாது என்று நான்தானே அவருக்குக் கற்பித்திருந்தேன்.

எட்டு மழைக்காலம் கழிந்து அந்த ஞாயிறன்று சுவரைப் பார்த்தபோது, நடுவிலே அது இலேசாக வயிறு தள்ளியிருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. கொத்தனாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மாலையில் தூக்குக்குண்டோடு வந்தார். ஏணி வைத்து ஏறி, உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். நூல் நேராக இறங்கவில்லை. நடுச்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. "மூணு விரற்கடை தள்ளியிருக்கு ஐயா" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. 2011இல் சொன்னதை அவர் நினைவுபடுத்தவும் இல்லை.

ஆமோஸ் ஏழாம் அதிகாரத்தில் கர்த்தர் கையில் தூக்குநூலோடு ஒரு மதிலின்மேல் நிற்கிறதைத் தீர்க்கதரிசி காண்கிறான். பிரியமானவர்களே, அந்த நூலைக் கர்த்தர் எங்கே தொங்கவிட்டார்? ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களில் தமஸ்குவும் காசாவும் தீருவும் ஏதோமும் கண்டிக்கப்படும்போது இஸ்ரவேலர் "ஆமென்" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் தூக்குநூல் வந்து இறங்கியது தமஸ்குவில் அல்ல. தம்முடைய ஜனமாகிய இஸ்ரவேலின் நடுவிலே. நான் எந்த ஆமோஸைத் திறந்து நாகப்பட்டினத்தை நியாயந்தீர்த்தேனோ, அதே ஆமோஸ் என் ஆலயத்தின் பின்சுவரில் நூலைத் தொங்கவிட்டு நின்றான்.

ஊருக்கு ஊர் அளந்தார்கள்

சுவருக்குக் கீழே, எங்கள் மனையின் எல்லைக்கு அப்பால், கர்நாடகத்துக் கலபுரகி பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் கொட்டகை போட்டிருந்தார்கள். 6 குடும்பங்கள், 23 பேர். எட்டு ஆண்டுகளில் ஒருமுறையும் நான் அவர்களை எண்ணியதில்லை; அன்றுதான் எண்ணினேன்.

மறுநாள் இரவு சபைக் கமிட்டியைக் கூட்டினேன். ஒரு மூப்பர், "அந்த இடம் அவங்களுக்குச் சொந்தமே இல்ல ஐயா. ஆக்கிரமிப்பு. நம்ம சுவர் நம்ம எல்லைக்குள்ளதான் இருக்கு. சட்டப்படி நாம பயப்பட வேண்டியதில்ல" என்றார். இன்னொரு சகோதரன், "கன்வென்ஷனுக்குச் சேர்த்த பணத்த எடுத்துச் சுவர் கட்டினா, ஆத்தும ஆதாயம் என்ன ஆகும்? இது ஊழியமா?" என்று கேட்டார். இருவரும் தீயவர்கள் அல்லர். 2011இல் நான் பேசிய பேச்சையே அவர்கள் வேறு வார்த்தைகளில் பேசினார்கள்.

நான் உபாகமம் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். வெளியிலே ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யாரென்று தெரியவில்லை. அப்பொழுது நியாயப்பிரமாணம் என்ன கட்டளையிடுகிறது? மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய், அந்த உடலிலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்களுக்குத் தூரத்தை அளக்கவேண்டும். எந்த ஊர் மிகவும் அருகே இருக்கிறதோ, அந்த ஊரின் மூப்பர் தேவனுக்கு முன்பாக நின்று, இந்த இரத்தத்தை நாங்கள் சிந்தவில்லை, அது நடந்ததை எங்கள் கண்கள் காணவும் இல்லை என்று அறிக்கையிடவேண்டும்.

மாண்டவன் என்ன பாவம் செய்தான் என்ற கேள்வி அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. அவனுக்கு அருகே இருந்தவர் யார் என்பதே தேவனுடைய நீதி கேட்கும் கேள்வி. கொன்றவன் அகப்படாவிட்டாலும் அருகே இருந்தவன் பொறுப்பிலிருந்து தப்புவதில்லை.

அடுத்த அதிகாரத்தில் (உபாகமம் 22:8) இன்னும் நேரான கட்டளை ஒன்று இருக்கிறது. புது வீடு கட்டுகிறவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். கட்டாமல் ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவன் கவனக்குறைவானவனா, அழையாமல் வந்தவனா என்று கர்த்தர் பிரித்துப் பார்க்கவில்லை. விழுந்தபின் தண்டனை கொடுப்பது மாத்திரமே நீதி என்று நாம் எண்ணுகிறோம். விழாதபடி சுவர் எழுப்புவதும் தேவனுடைய நீதி.

வாசித்து முடித்தபின், அந்த மூப்பரே எழுந்து, "அளந்து பார்த்துடலாம் ஐயா" என்றார். டார்ச் விளக்கையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினோம். சுவரின் அடியிலிருந்து முதல் கொட்டகைக்கு 7 அடி. சுவரின் உயரம் 9 அடி. நாடாவைப் பிடித்திருந்த மூப்பர் நெடுநேரம் அதைச் சுருட்டவில்லை. கொட்டகைக்குள்ளிருந்து ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது.

எங்கள் கண்கள் காணவில்லை என்று இனி எங்களால் சொல்ல முடியாது. என்னால் 2011லிருந்தே சொல்ல முடியாது.

இது ஊழியமா?

அந்தச் சகோதரனுடைய கேள்விக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. புனே மாவட்டத்திலேயே கேட்காவ் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பண்டித ரமாபாய் அம்மையார் நிறுவிய முக்தி மிஷனில் 1905ஆம் ஆண்டில் உண்டான எழுப்புதலைப் பெந்தெகொஸ்தே சபையார் நன்றியோடு நினைவுகூருகிறோம். ஆனால் அந்த எழுப்புதலுக்கு முன் அங்கே நடந்தது என்ன என்று நாம் அதிகம் பேசுவதில்லை.

ரமாபாயின் பெற்றோரும் மூத்த சகோதரியும் 1870களின் பஞ்சத்தில் தென்னாட்டில் அலைந்து திரிந்து மாண்டவர்கள். பசியால் சாகிறவர்கள் பாவத்தின் பலனை அநுபவிக்கிறார்கள் என்று சொல்வதற்கு அவருடைய வாழ்க்கை இடங்கொடுக்கவில்லை. 1896-97இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது, புறப்பட்டுப்போய், ஆதரவற்ற பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, அரசாங்க பிளேக் முகாமில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதினார். முழங்காலில் நின்ற அதே ஸ்திரீ, அதிகாரத்தின் முன் நியாயம் பேசவும் நின்றார்.

அதே பிளேக்கில், இதே புனேயில், சாவித்திரிபாய் பூலே அம்மையார் நோயுற்ற ஒரு தாழ்த்தப்பட்ட சிறுவனைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அந்த நோய் தம்மையும் பற்றிக்கொள்ள, 1897 மார்ச் 10 அன்று மரித்தார். அவர் நம்முடைய சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் இது யார் செய்த பாவம் என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் சுமக்கத் துணிந்தவர். ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன வழியில் சமாரியன் நின்ற கதையை அறிந்த நமக்கு, இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

இவற்றைச் சொன்னபோது அந்தச் சகோதரன் தலைகுனிந்திருந்தார். பின்பு, "அப்ப கன்வென்ஷன அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் அவரே எழுதினார்.

அந்த இரவே 6 குடும்பங்களையும் ஆலயத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர்கள் முதலில் வரத் தயங்கினார்கள்; இடத்தைக் காலி செய்யச் சொல்லும் தந்திரமோ என்று பயந்தார்கள். கன்னடம் அறிந்த ஒரு சகோதரி பேசி அவர்களைச் சம்மதிக்கச் செய்தார்கள். ஏழு வாரங்கள் அவர்கள் அங்கே தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாய்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு ஆராதனை நடத்தினோம். பழைய சுவரைக் கல் கல்லாகப் பிரித்து, அடிப்பாகத்தை அகலமாக்கி, ஆறடிக்கு ஒரு துளை வைத்துப் புதிதாகக் கட்டினோம். செலவு 3,80,000 ரூபாய். அன்று நான் மிச்சம்பிடித்த தொகையைப் போல ஒன்பதரை மடங்கு.

அந்த ஆண்டு செப்டம்பர் 25 இரவு தென் புனேயில் பெய்த மழையில் ஆம்பில் ஓடை பெருகிப் பலர் மாண்டார்கள். அந்த இரவில் நானும் கொத்தனாரும் குடைபிடித்துக்கொண்டு சுவரின் முன்னே நின்றோம். துளைகளிலிருந்து செம்மண் தண்ணீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. பழைய சுவர் இருந்திருந்தால் விழுந்திருக்குமோ, நின்றிருக்குமோ, நான் அறியேன். அற்புதம் நடந்தது என்று சாட்சி சொல்ல எங்களிடத்தில் ஒன்றுமில்லை. விழாத சுவருக்காக யாரும் எழுந்து சாட்சி சொல்வதில்லை. கைப்பிடிச்சுவரின் ஆசீர்வாதம் அப்படிப்பட்டது. அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

நம்முடைய வீட்டில் தூக்குநூல்

பிரியமானவர்களே, உங்களில் பலர் மனை வாங்கி வீடு கட்டுகிறீர்கள். சிலர் சிறு ஒப்பந்தக்காரராக உயர்ந்திருக்கிறீர்கள். கர்த்தர் உயர்த்தினார் என்று சாட்சி சொல்லுகிறோம், அது மெய். ஆனால் உயரத்தில் நிற்கிறவனுக்குத்தான் கைப்பிடிச்சுவர்க் கட்டளை கொடுக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் வீட்டின் மூன்றாம் மாடியில் பெயின்ட் அடிக்கிறவனின் இடுப்பில் கயிறு இருக்கிறதா? உங்கள் வேலைக்காரரின் கொட்டகை எந்தச் சுவரின் கீழே போடப்பட்டிருக்கிறது? இரவு முழுவதும் வண்டி ஓட்டின டிரைவரைக் காலையில் மறுபடியும் அனுப்புகிறீர்களா? வீட்டுவேலை செய்கிற அம்மாவின் கூலி மாதம் பிறந்து எத்தனையாம் நாளில் அவர்கள் கைக்குப் போகிறது? பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார் (யாக்கோபு 5:4). அந்தக் கூக்குரல் எட்டுவது சேனைகளின் கர்த்தருடைய செவிகளுக்கு.

1996ஆம் ஆண்டில் நம் நாட்டின் நாடாளுமன்றம் கட்டுமானத் தொழிலாளருக்காக இரண்டு சட்டங்களை இயற்றியது. வேலைத்தலத்தில் பாதுகாப்பு, குடிநீர், கழிப்பிடம், தங்குமிடம் ஆகியவற்றை ஒன்று கேட்டது. அவர்களுடைய நலநிதிக்குக் கட்டுமானச் செலவில் ஒரு பங்கைச் செலுத்த மற்றொன்று கட்டளையிட்டது. அது 100 ரூபாய்க்கு 1 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. அவற்றின் ஏற்பாடுகள் பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கொண்டுவரப்பட்டன. 2011இல் ஆலயம் கட்டியபோது இப்படிச் சட்டங்கள் உண்டென்பதே எனக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்த 18 முதல் 60 வயதுவரையுள்ளோர் நலவாரியத்தில் பதிவு செய்யலாம் என்பதை இப்பொழுது எங்கள் சபையின் வாலிபர் வீடு வீடாகச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். அதற்கு முன் ஜெபிக்கிறார்கள், பின்னும் ஜெபிக்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்தபோது பழைய கேள்வி மறுபடியும் வந்தது. "இது யார்மேல் வந்த நியாயத்தீர்ப்பு பாஸ்டர்?" என்று கேட்டார்கள். "நமக்கு மிக அருகே பசியாயிருக்கிறவன் யார் என்று முதலில் அளந்து பார்ப்போம்" என்று சொன்னேன். 2005இல் நான் சொல்லியிருக்கவேண்டிய பதில் அது.

அந்தப் பதிலைக் கேட்கவேண்டியவர்களிடத்திலும் போனேன். சுவர் கட்டி முடிந்த ஆண்டின் டிசம்பரில், விசாரித்துத் தேடி, தேஹு ரோட்டில் அந்தச் சகோதரியின் வீட்டுக்குச் சென்றேன். பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. என்னை அடையாளம் கண்டு, உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்தார்கள். "அம்மா, அன்றைக்கு நான் பேசியது தவறு. உங்கள் தங்கை பிள்ளைகள்மேல் குற்றம் ஏதும் இல்லை. என்னை மன்னிக்கவேண்டும்" என்றேன்.

அவர்கள் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் ஐயா. ஆனா இத நீங்க அப்பவே சொல்லியிருந்தா, என் தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லியிருப்பேன். அவ போய்ச் சேர்ந்து மூணு வருஷமாச்சு. கடைசிவரைக்கும், நான் என்ன பாவம் பண்ணுனேன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தா" என்றார்கள்.

நான் கட்டியெழுப்ப முடியாத சுவர் அது. நீதியைத் தாமதிப்பதும் அநீதியே என்பதை அந்த வீட்டிலிருந்து இறங்கி வந்த படிகளில் அறிந்துகொண்டேன்.

ஆகையால் வாசகர்களே, இந்த மழைக்காலம் வருமுன் உங்கள் சுவரண்டையில் ஒருமுறை போய் நில்லுங்கள். தூக்குநூலை அடுத்தவன் வீட்டில் தொங்கவிடுவதற்கு முன் உங்கள் வீட்டில் தொங்கவிடுங்கள். கொத்தனார் ஏதாவது சொன்னால் கேளுங்கள். கர்த்தர் சில வேளைகளில் அவர் மூலமாகவும் பேசுகிறார். உங்கள் வார்த்தையால் காயப்பட்டவர்கள் இருந்தால், இன்றைக்கே புறப்பட்டுப் போங்கள்.

நீதியுள்ள கர்த்தர் நம்முடைய கைகளின் கிரியையைச் சோதித்துச் சீர்ப்படுத்துவாராக. நமக்கு அருகே உறங்குகிறவர்களின் இரத்தப்பழி நம்முடைய வீடுகளின்மேலும் சபைகளின்மேலும் வராதபடி நம்மைக் காத்துக்கொள்வாராக. ஆமென்.